மூச்சுக் குழாயை அடைக்கலாமா? பழைய மகிழுந்தின் கார்புரேட்டரும் தமிழ்ச் சொல்லும்



ஒட்டுக்கடையில் தேநீர் ஆற்றுபவர் புதிய கெட்டிப்பால் டின்னைத் திறப்பதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். அவர் மூடியில் ஒரு துளையோடு நிறுத்துவதில்லை. எதிரெதிரே இரண்டு துளைகள் இடுகிறார். ஒன்று பால் வெளிவருவதற்கு. மற்றொன்று காற்று உட்புகுவதற்கு. ஒரு துளை மட்டும் இருந்தால் பால் சிறிது வடிந்து நின்றுவிடும். வெளியேறிய பாலின் இடத்தை நிரப்பக் காற்று வரவில்லையெனில் டின்னுக்குள் அழுத்தம் குறைகிறது. வெளியே உள்ள காற்றோ பாலைத் தடுத்து நிறுத்துகிறது. இந்தச் சிறு உண்மையே இன்றைய உரையின் அடிப்படை. பழைய மகிழுந்துகளின் எரிபொருள் அமைப்பு முழுவதும் இந்த இரண்டாவது துளையை நம்பியே இயங்குகிறது.

கோலசிலாங்கூர் வட்டாரத்தில் இப்பொருளைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. ஈஜோக், புக்கிட் ரோத்தான், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த தோட்டங்களில் நம் முன்னோர் இயந்திரங்களோடு வாழ்ந்தவர்கள். 1917இல் பிரெஞ்சுத் தோட்டக்காரர் ஆன்ரி ஃபோக்கோனியே மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை இங்கேதான் அமைத்தார். அத்தோட்டத்தின் பெயர் தென்னமரம். பெயரிலேயே தமிழ் ஒலிக்கிறது. பாலும் பழமும் ஏற்றிய கனவுந்துகளும் அலுவலர்கள் ஓட்டிய மோரிஸ், ஆஸ்டின் மகிழுந்துகளும் செம்மண் சாலைகளில் ஓடிய காலம் அது. பின்னர் டட்சன் வந்தது. 1985இல் புரோட்டோன் சாகா வந்தது. இவை அனைத்திற்கும் பொதுவான உறுப்பு கார்புரேட்டர். இன்று நம் இளைஞர் பலர் தாத்தா விட்டுச்சென்ற வண்டியை மீண்டும் ஓடவைக்க முயல்கின்றனர். அம்முயற்சி பாராட்டுக்குரியது. ஆயினும் பெட்ரோலோடு விளையாடும் வேலையில் ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டாலும் தீ விபத்து நேரக்கூடும்.

கார்புரேட்டர் செய்யும் வேலை

பெட்ரோல் தானாக எரிந்து ஆற்றல் தருவதில்லை. காற்றோடு சரியான அளவில் கலந்தாக வேண்டும். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று தேவை. கொள்ளளவில் சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று வேண்டும். இக்கலவையை உருவாக்குவதே கார்புரேட்டரின் பணி. தெளிப்பு முறையில் அமைந்த கார்புரேட்டருக்கு 1893இல் ஹங்கேரியைச் சேர்ந்த டோனாட் பாங்கி, யானோஸ் சோங்கா இருவரும் காப்புரிமை பெற்றனர். ஏறத்தாழ அதே காலத்தில் ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக் அத்தகைய அமைப்பை உருவாக்கினார்.

அதன் இயக்கம் எளிது. இயந்திரம் காற்றை உள்ளிழுக்கிறது. அக்காற்று ஓர் இடுங்கிய கழுத்தின் வழியே செல்லும்போது விரைவு கூடுகிறது. விரைவு கூடும் இடத்தில் அழுத்தம் குறைகிறது. கழுத்தின் பக்கத்தில் மிதவை அறை என்னும் சிறு கிண்ணம் உள்ளது. அதில் பெட்ரோல் எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்கும். மட்டம் தாழ்ந்தால் மிதவை இறங்கி ஊசி வால்வைத் திறக்கும்; மட்டம் உயர்ந்தால் மிதவை எழுந்து வால்வை மூடும். நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மிதவைப் பந்தும் இதையே செய்கிறது. கிண்ணத்திலிருந்து ஒரு நுண்துளை கழுத்துக்குள் திறக்கிறது. அதன் வழியே பெட்ரோல் எழுந்து காற்றில் தூவப்படுகிறது.

பெட்ரோலை மேலே எழச் செய்வது எது? கழுத்தின் உறிஞ்சல் என்று பலர் விடை கூறுவர். அது பாதி உண்மை. கிண்ணத்தில் உள்ள பெட்ரோலின் மேற்பரப்பை வெளிக்காற்று அழுத்துகிறது. கழுத்தில் அழுத்தம் குறைந்திருக்கிறது. இவ்விரண்டின் வேறுபாடே பெட்ரோலைத் தள்ளுகிறது. எனவே கிண்ணத்தின் மேற்பகுதி வெளிக்காற்றோடு தொடர்புகொண்டிருக்க வேண்டும். அத்தொடர்பை ஏற்படுத்தும் வழியே மூச்சுக் குழாய். கெட்டிப்பால் டின்னின் இரண்டாவது துளை இதுதான்.

ஒரு குழாய், இரண்டு பெயர்

1948 முதல் 1971 வரை உற்பத்தியான மோரிஸ் மைனரை எடுத்துக்கொள்வோம். அதில் இருப்பது எஸ்.யூ. வகைக் கார்புரேட்டர். இவ்வகையில் மிதவை அறை பக்கத்தில் தனியே நிற்கும். அதன் மூடியிலிருந்து ஒரு மெல்லிய குழாய் கீழ்நோக்கி இறங்கும். பட்டறைகளில் அதனை ‘ஓவர்ஃப்ளோ பைப்’ என்பர். வழிந்த பெட்ரோலை வெளியேற்றும் குழாய் என்பது அதன் பொருள்.

அப்பெயர் பொய்யன்று. ஊசி வால்வு பழுதுபட்டு மட்டம் மீறினால் பெட்ரோல் அவ்வழியே வெளியேறும். இவ்வண்டியில் கார்புரேட்டரும் புகைபோக்கிக் குழாயும் இயந்திரத்தின் ஒரே பக்கத்தில் அமைந்துள்ளன. சூடேறிய இரும்பின்மேல் பெட்ரோல் சிந்தாமல் அதனை விலக்கிக் கீழே கொண்டுசெல்வது அக்குழாயின் ஒரு பணி. ஆனால் அது விபத்து நேரத்துப் பணி. அன்றாடப் பணியோ கிண்ணம் மூச்சுவிட உதவுவது. வண்டி ஓடும் ஒவ்வொரு நொடியும் அப்பணி நடைபெறுகிறது.

பெயரில் முதற்பணி மறைந்துவிட்டதால் நேரும் தவறு இது. குழாயின் நுனியில் பெட்ரோல் சொட்டுவதை ஓர் இளைஞர் காண்கிறார். ‘வழிவதற்கான குழாய்தானே, அடைத்துவிட்டால் வழியாது’ என்று எண்ணி, ஒரு திருகாணியைச் செருகி இறுக்கிவிடுகிறார். சொட்டுவது நிற்கிறது, நோய் நிற்கவில்லை. வால்வு மூடாததால் பெட்ரோல் மேலும் ஏறி, நுண்துளை வழியே கழுத்துக்குள் பொங்குகிறது. ஒரு பகுதி இயந்திரத்துக்குள் இறங்கி மசகெண்ணெயை நீர்த்துப்போகச் செய்கிறது. மறுபகுதி காற்று நுழையும் வாய் வழியே வெளியே கொட்டுகிறது. அதன் கீழே கொதிக்கும் புகைபோக்கி இருக்கிறது.

வால்வு சரியாக உள்ள வண்டியிலும் அடைபட்ட மூச்சுக் குழாய் தொல்லை தரும். கிண்ணத்தின் அழுத்தம் வெளிக்காற்றோடு ஒத்திராததால் கலவை நிலைகொள்ளாது, ஓட்டம் தடுமாறும். வெயிலில் வண்டியை நிறுத்திய பின் கிண்ணத்தில் எழும் ஆவி வெளியேற வழியின்றிப் பெட்ரோலைக் கழுத்துக்குள் தள்ளும். மீண்டும் இயக்கும்போது இயந்திரம் நனைந்துபோய் இயங்க மறுக்கும். மனிதர் அடைக்காவிட்டாலும் அடைப்பு வரலாம். செம்மண் தூசியும், துளை கண்ட இடத்தில் கூடு கட்டும் மண்குளவியும் தோட்டப்புறத்தில் நன்கு அறிமுகமானவை.

ஆகவே, சொட்டுதலைக் கண்டால் நோயின் மூலத்தைத் தேட வேண்டும். ஊசி வால்வில் தூசி சிக்கியிருக்கலாம். அதன் முனை தேய்ந்திருக்கலாம். பித்தளை மிதவை ஓட்டையாகி உள்ளே பெட்ரோல் புகுந்திருக்கலாம்; அதனைக் காதருகே குலுக்கினால் சலசலப்புக் கேட்கும். பழைய பம்ப் நீக்கப்பட்டு, மிகை அழுத்தம் தரும் புதிய பம்ப் பொருத்தப்பட்டிருக்கலாம். கார்புரேட்டருக்கு வேண்டியது சதுர அங்குலத்துக்குச் சில பவுண்டு அழுத்தமே. புதிய மகிழுந்துகளின் எரிபொருள் உட்செலுத்து முறைக்கான பம்ப் அதனைப் போலப் பல மடங்கு தரும். எந்த ஊசி வால்வும் அதனைத் தாங்காது.

எரிபொருள் செல்லும் வழி

இனி, தொட்டியிலிருந்து கார்புரேட்டர்வரை பெட்ரோல் வரும் வழியைக் காண்போம். தொட்டி, வடிகட்டி, பம்ப், கார்புரேட்டர் என்பது பொது வரிசை. வழியின் தொடக்கத்திலும் ஒரு மூச்சு இருக்கிறது. பெட்ரோல் குறையக் குறையத் தொட்டிக்குள் காற்று புக வேண்டும். பல பழைய வண்டிகளில் தொட்டியின் மூடியிலேயே அதற்கான சிறு துளை உண்டு. மூச்சுத் துளை இல்லாத வேறொரு மூடியைப் பொருத்தினால் வண்டி சில மைல் ஓடி நின்றுவிடும். மூடியைத் திறக்கும்போது ‘உஸ்’ என்று காற்று உட்புகும் ஒலி கேட்டால், குறை பம்பில் இல்லை, மூடியில் என்று அறியலாம்.

வெப்பம் மற்றொரு பகை. பெட்ரோல் பல நீர்மங்களின் கலவை. அதன் இலேசான பகுதிகள் ஏறத்தாழ 35 பாகை செல்சியசிலேயே கொதிக்கத் தொடங்குகின்றன. நம் வட்டாரத்து நண்பகல் வெயிலே அதனை நெருங்குகிறது. இயந்திர மூடிக்குக் கீழே வெப்பம் அதனினும் மிகுதி. குழாய் புகைபோக்கியை ஒட்டிச் சென்றால் உள்ளே ஆவிக் குமிழ்கள் தோன்றும். நீர்மத்தைத் தள்ளும் பம்ப் ஆவியைத் தள்ள இயலாமல் திணறும். இதற்காகவே சில கார்புரேட்டர்களில் மிகுதிப் பெட்ரோலைத் தொட்டிக்கே திருப்பியனுப்பும் மீள்குழாய் உண்டு. ஓடிக்கொண்டேயிருக்கும் பெட்ரோல் சூடேறிக் கொதிக்க நேரம் பெறுவதில்லை.

மேற்கூறிய காரணங்களிலிருந்தே குழாய் அமைக்கும் நெறிகள் பிறக்கின்றன. மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. காரணம் விளங்கினால் நெறி தானே விளங்கும்.

முதலாவது, நீண்ட தொலைவுக்கு உலோகக் குழாயே ஏற்றது. இயந்திரம் அதிரும் இடத்தில் மட்டும் குறுகிய ரப்பர் குழாய் வேண்டும். அந்த ரப்பர், எரிபொருளுக்கென்றே செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். தண்ணீர்க் குழாய் பெட்ரோலில் ஊறி உப்பி வெடிக்கும்.

இரண்டாவது, குழாய் புகைபோக்கியையும் மின்கம்பிகளையும் தொடாமல் விலகிச் செல்ல வேண்டும். ஆடி உராயாதவாறு ஆங்காங்கே அதனைப் பிணைக்க வேண்டும்.

மூன்றாவது, மூச்சுக் குழாய் தொடர்ந்து கீழ்நோக்கிச் சரிய வேண்டும். நடுவில் தொய்வு இருந்தால் அங்கே பெட்ரோல் தேங்கிக் காற்றை மறிக்கும். அதன் நுனி புகைபோக்கிக்கும் தீப்பொறி எழும் இடத்துக்கும் அப்பால் திறந்திருக்க வேண்டும்.

நான்காவது, மூச்சுக் குழாயை இயந்திரத்தின் உறிஞ்சல் குழாயோடு இணைக்கலாகாது. இணைத்தால் கிண்ணத்திலும் அழுத்தம் குறைந்து, பெட்ரோலைத் தள்ளும் வேறுபாடு மறைந்துவிடும். ஆயினும் சில கார்புரேட்டர்களில் மூச்சு வழி, காற்று வடிகட்டிக்கு உட்புறமாகத் திறந்திருப்பதைக் காணலாம். வடிகட்டியில் தூசி அடைந்து கழுத்தில் அழுத்தம் குறையும்போது கிண்ணத்திலும் அதே அளவு குறைந்து, கலவை கெடாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. அதனை மாற்றாமல் விடுவதே நன்று.

ஐந்தாவது, வேலை முடிந்ததும் இயந்திரத்தை உடனே இயக்கலாகாது. மோரிஸ் மைனரில் மின்பம்ப் உண்டு. சாவியைத் திருப்பியதும் ‘டிக் டிக்’ என ஒலித்து, கிண்ணம் நிறைந்ததும் அடங்கும். அடங்காமல் ஒலித்துக்கொண்டேயிருந்தால் எங்கோ கசிகிறது எனப் பொருள். ஒவ்வோர் இணைப்பையும் கண்ணால் பார்த்த பின்னரே இயக்க வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து பள்ளத்தில் தேங்கும். எனவே காற்றோட்டமான இடத்தில், நெருப்பை விலக்கி, தீயணைப்பானை அருகில் வைத்துக்கொண்டு, அனுபவமுள்ள பெரியவர் ஒருவரின் துணையோடுதான் மாணவர்கள் இவ்வேலையில் ஈடுபட வேண்டும்.

சொல் செய்யும் பணி

இந்த அரங்கில் கார்புரேட்டரைப் பேச வந்தது ஏன் என்பதற்கு இப்போது விடை கூறலாம். நம் மாணவர்கள் தமிழ்ப்பள்ளியில் அறிவியலைத் தமிழில் கற்கின்றனர். இடைநிலைப்பள்ளியில் அது மலாய்மொழியில் தொடர்கிறது. பட்டறையில் ஆங்கிலச் சொற்கள் காதில் விழுகின்றன. மூன்று மொழிகளும் நமக்கு வேண்டியவையே. ஆனால் பட்டறையில் கேட்ட சொல், பள்ளியில் கற்ற கருத்தோடு இணையாமல் தனியே நின்றுவிட்டால், அது வெறும் ஒலியாகிவிடுகிறது. காற்று இடத்தை அடைத்துக்கொள்ளும், அழுத்தம் தரும் என்பதை அறிந்த அதே மாணவர்தான் ‘ஓவர்ஃப்ளோ பைப்’பை அடைக்கிறார்.

எல்லாச் சொல்லையும் பெயர்த்தாக வேண்டும் என்று நாம் வற்புறுத்தவில்லை. கார்புரேட்டர், பம்ப், வால்வு ஆகியவற்றை நாமே இவ்வுரையில் அப்படியே ஆண்டிருக்கிறோம். நாட்டில் பழகிய சொற்கள் அவை, அவற்றால் தீங்கில்லை. எந்தச் சொல் செயலை மறைக்கிறதோ அங்கே செயலைக் காட்டும் சொல் வேண்டும் என்பதே நம் கருத்து. மூச்சுக் குழாய் அத்தகைய சொல். மூச்சை அடைத்தால் என்ன ஆகும் என்று எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த அறிவியல் பாடவேளையில் வெறும் பால் டின் ஒன்றில் நீர் நிரப்பி மூடியை ஒட்டுங்கள். முதலில் ஒரு துளையிட்டுக் கவிழ்த்துக் காட்டுங்கள். பிறகு இரண்டாவது துளையை இடுங்கள். அந்த இரண்டாவது துளைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று மாணவர்களைக் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பெயர் நாம் சொன்ன பெயராக இல்லாமற்போகலாம். அது தவறன்று, அத்துளையின் வேலையைப் புரிந்துகொண்டு வைத்த பெயராக இருந்தால் போதும்.