தொலைவிலுள்ள கருவிகளை ஆளும் முறை

தென் அந்தமான் தீவில், 2024-ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்றுள்ள போர்ட் பிளேர் நகரை அடுத்து அமைந்தது டாலிகஞ்ச். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியினின்று மின்சாரம் ஆக்கும் என்.எல்.சி. இந்தியா நிறுவனம், இவ்விடத்திலும் ஆட்டம் பகாடிலும் சூரிய ஒளி மின் நிலையங்களை நிறுவியுள்ளது. இவற்றின் மொத்தத் திறன் 20 மெகாவாட். உடன் 8 மெகாவாட்-மணி மின்சாரத்தைச் சேமிக்கவல்ல மின்கலத் தொகுதியும் உண்டு; அதாவது 8 மெகாவாட் வீதம் ஒரு மணி நேரம் வழங்கக்கூடிய ஆற்றல்.

மின்கலம் எதற்கு என்னும் வினா எழலாம். இத்தீவுகளுக்கும் பாரதப் பெருநிலத்தின் மின் அமைப்புக்கும் இணைப்பு இல்லை. டீசல் இயந்திரங்களே இங்கு நெடுங்காலமாக மின்சாரம் அளித்து வந்துள்ளன. மேகமொன்று கதிரவனை மறைத்தால் சூரிய மின்சாரம் சில நொடிகளில் குறைந்துவிடும். அக்குறையை உடனே ஈடு செய்யாவிடில், நொடிக்கு 50 சுழற்சி என்னும் மின் அலைவெண் தாழும். சிறிய அமைப்பாதலின் ஊர் முழுவதும் இருளில் ஆழவும் கூடும்.

ஆகவே, பரந்த வெளியில் சிதறிக் கிடக்கும் கருவிகளின் நிலையைக் கட்டுப்பாட்டுக் கருவி இடையறாது அறிதல் வேண்டும். அவற்றுக்கு ஆணையும் இடுதல் வேண்டும். ஒவ்வோர் அளவுமானியிலிருந்தும் தனித்தனிக் கம்பி இழுத்தல் பெருஞ்செலவாகும். அதனால் இத்தகைய நிலையங்களில் ஆங்காங்கே சிறு பெட்டிகள் அமைக்கப்படுகின்றன. அருகிலுள்ள அளவுமானிகளின் குறிகளை இப்பெட்டி சேகரித்து, எண்களாக மாற்றி, ஒரே இணைக் கம்பியின் வழியே அனுப்புகிறது. ஆணைகளையும் அவ்வழியே பெறுகிறது.

அளவுமானியிலிருந்து பெட்டி வரை செல்லும் குறி பெரும்பாலும் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரையுள்ள மின்னோட்டமாகும். மின்னழுத்தம் கம்பியின் தடையால் வழியில் குறையும். மின்னோட்டமோ தொடர்ச் சுற்றில் எங்கும் ஒரே அளவினது. மிகக் குறைந்த அளவை 4 எனக் கொண்டதிலும் நுட்பம் உண்டு. கம்பி அறுந்தால் மின்னோட்டம் சுழியாகும். எனவே, "ஒளி இல்லை" என்பதையும் "கம்பி இல்லை" என்பதையும் கருவி வேறுபடுத்தி அறிகிறது.

பெட்டிகளுக்கும் கட்டுப்பாட்டுக் கருவிக்கும் இடையே ஆர்.எஸ்.-485 முறை வழக்கிலுள்ளது. குறைந்த வேகத்தில் இது 1,200 மீட்டர் வரை செல்லும். மாடிகன் நிறுவனம் 1979-இல் வெளியிட்ட மாட்பஸ் என்னும் விதிமுறைப்படி, தலைமைக் கருவி ஒவ்வொரு பெட்டியையும் அதன் எண்ணால் அழைத்து வினவ, அதுமட்டும் விடை கூறும். நொடிக்கு 9,600 பிட் வேகத்தில் பத்து அளவுகளைக் கேட்டுப் பெற ஏறத்தாழ நொடியின் இருபதில் ஒரு பங்கு செல்லும். முப்பது பெட்டிகளைச் சுற்றி வர 1½ நொடியாகும். வெப்பநிலையை அறிய இது போதும். மேகத்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்கப் போதாது. விரைவு வேண்டுமிடத்து ஈதர்நெட் இணைப்பு பயன்படுகிறது. தொலைவு மிகுமிடத்துக் கண்ணாடி இழை ஏற்றது. அதில் ஒளியே செல்வதால் இடி மின்னலின் தாக்குதல் அதன் வழியே பரவுவதில்லை.

எனினும், உப்புக் காற்றும் பெருமழையும் உள்ள தீவில் இணைப்புகள் என்றேனும் அறுபடவே செய்யும். குறித்த நேரத்துள் ஆணை வாராவிடில் தொலைவிலுள்ள பெட்டி என்ன செய்ய வேண்டும்? கடைசி ஆணையையே பற்றி நிற்பதா, உற்பத்தியைக் குறைப்பதா, அடியோடு நிறுத்துவதா? அனைத்தும் ஒருங்கே நின்றால் அதுவே ஊரை இருளாக்கும். எதுவும் நில்லாவிடில் பழுது பார்ப்பவர் உயிருக்கு ஆபத்து நேரலாம். எனவே ஒவ்வொரு கருவிக்கும் உரிய விடையைப் பொறியாளர் முன்னரே ஆராய்ந்து, அதனுள் பதித்து, இணைப்பை வேண்டுமென்றே துண்டித்துச் சோதித்தல் இன்றியமையாதது.