பணியமர்த்தலும் அமானிதமும்

தக்கலையை அடுத்த புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை உள்ளது. அங்கே டி லனாயின் கல்லறையைக் காணலாம். டச்சுக் கம்பெனியின் அதிகாரியாக வந்த அவர், 1741இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர்ப் படையிடம் சிறைப்பட்டார். மன்னர் மார்த்தாண்ட வர்மா அந்தக் கத்தோலிக்கரின் திறனறிந்து, தம் படையைப் பயிற்றுவிக்கும் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்தார். 1777இல் மறையும்வரை அவர் இந்நாட்டின் ஊழியத்திலேயே இருந்தார்.

அந்நியருக்குத் திறந்த இவ்வாசல் சொந்தக் குடிகளில் பலருக்குத் திறக்கவில்லை. இன்றைய குமரி மாவட்டம் 1956வரை திருவிதாங்கூர்ப் பகுதியாகவே இருந்தது. அங்கு நிலவரித் துறையே அரசுக் கோயில்களையும் நிர்வகித்து வந்தது. ஆதலின் கோயிலுக்குள் நுழைய இயலாத முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் ஒடுக்கப்பட்ட இந்து சமூகத்தினரும் அத்துறையின் பதவிகளை அடைய இயலாதிருந்தது. மருத்துவம் கற்ற ஈழவரான டாக்டர் பல்பு, தம் நாட்டில் பணி மறுக்கப்பட்டு மைசூர் அரசின் ஊழியத்தில் சேர்ந்தார். 1896இல் 13,176 பேர் ஒப்பமிட்ட ஈழவ விண்ணப்பத்தை மன்னரிடம் அளித்தவர் அவரே.

1922இல் தேவஸ்வம் தனித் துறையாகப் பிரிக்கப்பட்டதும் பழைய சாக்கு நீங்கிற்று. எனினும் போதிய பங்கு கிட்டவில்லை. 1932ஆம் ஆண்டின் சட்டசபைச் சீர்திருத்தமும் ஏமாற்றவே, ஈழவரும் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் ஒன்றுகூடி நிவர்த்தனப் போராட்டம் நடத்தினர். அதன் விளைவாக 1936இல் அரசுப் பணித் தேர்வுக்கெனத் தனி ஆணையர் நியமிக்கப்பட்டார்.

இனி, நம் மார்க்கம் கூறுவதை நோக்குவோம். மத்யன் நகருக்கு எகிப்திலிருந்து தப்பி வந்த அந்நியர் மூஸா (அலை). அவரைப் பணிக்கு அமர்த்துமாறு தந்தையிடம் பரிந்துரைத்த பெண், வலிமை, நம்பகம் என்னும் இரு தகுதிகளையே சுட்டியதைத் திருக்குர்ஆன் (28:26) எடுத்துரைக்கின்றது. ஹிஜ்ரத்தின்போது நபி (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரலி) அவர்களும் கூலிக்கு அமர்த்திய வழிகாட்டி அப்துல்லாஹ் இப்னு உரைகித், அன்று குறைஷிகளின் மார்க்கத்தில் இருந்தவர். தலைக்கு விலை கூறப்பட்ட வேளையிலும் அவரிடம் ஒட்டகங்களை ஒப்படைத்து, மூன்று இரவுகளுக்குப் பின் தவ்ர் குகைக்கு வரப் பணித்தனர். அவரும் வாக்குத் தவறவில்லை.

நம் முன்னோர் அன்று விண்ணப்பதாரராக நின்றனர். இன்று நம்மில் பலர் கடைகளும் கல்விக்கூடங்களும் நடத்தும் முதலாளிகள். ஆளைத் தேர்ந்தெடுக்கையில் நாம் முதலில் பார்ப்பது திறனையா, குடும்பப் பெயரையா? பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வரும் தொழிலாளிக்கு, அதே வேலை செய்யும் உள்ளூராருக்குரிய கூலியைக் கொடுக்கிறோமா? அவருடைய வழிபாட்டுக்கும் பண்டிகைக்கும் விடுப்பு அளிக்கிறோமா? நமக்கு மறுக்கப்பட்டபோது அநீதி எனக் கண்டதை நம் கையால் பிறர்க்குச் செய்யாதிருப்பதும் அமானிதமே. சிந்திப்போமாக!