கறுப்புசாமி ஒரு நிறத்தின் பெயரல்ல

2006-ஆம் ஆண்டு மலேசியத் தேசியப் பதிவுத் துறை, பிள்ளைகளுக்கு வைக்கத் தகாத பெயர்கள் என்று ஒரு பட்டியலை வெளியிட்டது. விலங்கு, பழம், காய்கறி, நிறம், எண், அரச பட்டம் ஆகியவை பெயராகக் கூடாது என்றது. பள்ளியில் பிள்ளை கேலிக்கு ஆளாகக் கூடாது என்ற நல்ல எண்ணம் அதன் பின்னால் இருந்தது. கூனன், பாம்பு, பைத்தியம் என்று பொருள்படும் சீனப் பெயர்கள் அதில் இடம்பெற்றன. தமிழ்ப் பெயர்களில் அகப்பட்டது கறுப்புசாமி. 'கறுப்புக் கடவுள்' என்று அதற்குப் பொருள் சொல்லப்பட்டது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் அதில் பிழை காண முடியாது. ஆனால் கறுப்பர் யார் என்று அந்தப் பொருளுரை சொல்லவில்லை. ஊர் எல்லையில் அரிவாளோடு நின்று இரவெல்லாம் காவல் காக்கும் தெய்வம் அவர். தமிழகத்திலிருந்து கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கும் பிறகு ரப்பர் தோட்டங்களுக்கும் போனவர்கள் முனியாண்டியையும் மதுரை வீரனையும் போலவே கறுப்பரையும் கூடவே கொண்டுபோய், மரத்தடியில் ஒரு கல்லை நட்டுக் கும்பிட்டார்கள். காய்ச்சலும் பாம்பும் சூழ்ந்த லயத்து வீட்டில் பிறந்த பிள்ளைக்கு அந்தக் காவல்காரரின் பெயரை வைத்தது, நிறத்தை நினைத்து அல்ல. பிள்ளை பிழைக்க வேண்டுமே என்ற பயத்தில்.

அதிகாரிகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இன்று நாமும் பெயர்களை அப்படித்தான் படிக்கிறோம். பிள்ளை பிறந்ததும் ஜோசியர் நட்சத்திரத்துக்கு எழுத்துக் கொடுக்கிறார். ரோகிணி என்றால் ஓ, வா, வீ, வூ. திருவாதிரையின் ஒரு பாதத்துக்குப் பஞ்சாங்கம் 'ங' என்கிறது; தமிழில் அந்த எழுத்தில் தொடங்கும் பெயரே கிடையாது. எழுத்துக் கிடைத்ததும் கைப்பேசியில் தேடல் தொடங்குகிறது. 'அழகானவள்', 'இறைவனின் பரிசு' என்று ஒற்றை வரிப் பொருளோடு நூறு பெயர்கள் வந்து விழுகின்றன. பிறகு எண் கணிதம் பார்த்து ஓர் ஆங்கில எழுத்தைக் கூட்டுகிறார்கள். பெயர் எந்த மொழியில் பிறந்தது, யார் அதைச் சுமந்தார்கள், எந்த வழிபாட்டில் அது புழங்கியது என்ற கேள்விகளுக்கு இந்த வேலையில் இடமே இருப்பதில்லை. பட்டியல் போட்டவர்கள் ஒரு பெயரைத் தள்ள அகராதியை நம்பினார்கள். நாம் ஒரு பெயரை எடுக்க அதே அகராதியை நம்புகிறோம்.

இதைச் சொல்லும்போது, வேற்றுப் பெயர்களைத் தொடவே கூடாது என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. அப்படிச் சொன்னால் பினாங்குத் தமிழரில் பாதிப் பேருக்குப் பெயர் மிஞ்சாது. ஜார்ஜ் டவுனின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் 1801-இல் தோன்றியது. அதோடு சேர்த்து நினைக்கப்படுபவர் காதிர் மொய்தீன் மெரிக்கன். அப்துல் காதிர், முஹ்யித்தீன் இரண்டும் பாக்தாதில் அடங்கிய ஞானி ஜீலானியைக் குறிப்பவை. மெரிக்கன் என்பது நம் கடற்கரை மரைக்காயர்தான். ரோமன் எழுத்தில் ஏறி உருமாறிய சொல். சூலியாத் தெருப் பக்கம் நாகூர் தர்கா இருக்கிறது. நாகூர் ஆண்டவரிடம் நேர்ந்துகொண்டு நாகூர் மீரான் என்று பெயரிட்டவர்கள், எந்தக் கடனைத் தீர்க்கிறோம் என்று தெரிந்து பெயரிட்டார்கள். கத்தோலிக்கர் சேவியரைச் சவேரியார் ஆக்கிச் சவரிமுத்து என்று வைத்தார்கள். பவுல் என்ற பெயருக்கு லத்தீனில் 'சிறியவர்' என்று பொருள்; அதனால் புனித பவுல் தமிழில் சின்னப்பர் ஆனார், பிள்ளைகள் சின்னப்பன் ஆனார்கள். வெளிநாட்டுப் பெயரை வாங்கியவர்கள் அதன் உள்ளே போய்ப் பார்த்து, நம் வாய்க்கும் வீட்டுக்கும் பொருந்தச் செய்தார்கள். கடன் வாங்கலாம்; யாரிடம் வாங்கினோம் என்பதை மறக்கக் கூடாது.

'பெயர் ஓர் அழகான ஒலி, அவ்வளவுதான். அது பெற்றவர்களின் உரிமை' என்று ஒரு மறுப்பு உண்டு. உரிமையை யாரும் பறிக்கவில்லை. ஆனால் ஒலி தனியே நிற்பதில்லை, அதிலும் இந்த நாட்டில். சபா, சரவாக் பூர்வகுடிகளில் முஸ்லிம் அல்லாத பலர், பெயரில் 'பின்', 'பிந்தி' இருந்த ஒரே காரணத்தால் அடையாள அட்டையில் முஸ்லிம் என்று பதிவாகி, அதைத் திருத்த அலைந்திருக்கிறார்கள். பெயரை மதமாகப் படிக்கும் இடத்தில், இனிமைக்காக மட்டும் வைத்த பெயருக்கான விளக்கத்தை வாழ்நாள் முழுக்கச் சொல்வது பிள்ளைதான். மரியாதையும் இங்கேதான் நுழைகிறது. அப்துல் ரஹ்மான் என்றால் ரஹ்மானின் அடியான். அதை வெட்டி 'அப்துல்' என்றால் 'இன்னாரின் அடியான்' என்று பாதியில் நிற்கிறது. 'ரஹ்மான்' என்று மட்டும் கூப்பிட்டால் இறைவனுக்கே உரிய பெயரை மனிதனுக்குக் கொடுத்ததாகிறது. அப்படிக் கூப்பிடும்போது பக்கத்து வீட்டு முஸ்லிம் முகம் சுளிக்காமல் இருக்கலாம். ஆனால் உள்ளே உறுத்தும்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. முன்னோர் வைத்தது என்பதற்காக எல்லாப் பெயரையும் காக்க வேண்டுமா? போதும்பொண்ணு, வேண்டாம் என்று பெண் பிள்ளைகளுக்குப் பெயர் வைத்த ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டே? அவற்றைக் காக்க வேண்டியதில்லை. இதையும் வேரைப் பார்த்துத்தான் சொல்ல முடியும், அகராதியைப் பார்த்து அல்ல. குப்புசாமியில் குப்பை இருக்கிறது, பிச்சையில் இரத்தல் இருக்கிறது. ஆனால் முதல் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீட்டில், 'இது எங்களுடையதில்லை, குப்பையில் கிடந்தது, பிச்சையாக வந்தது' என்று எமனை ஏய்க்கச் சொன்ன பாசப் பொய்கள் அவை. போதும்பொண்ணு என்பதில் ஏய்ப்பும் இல்லை, பாசமும் இல்லை. பிறந்தவளின் முகத்துக்கு நேரே சொன்ன சலிப்பு அது. கேட்க இரண்டும் தாழ்ந்த பெயர்கள். ஒன்றில் பிள்ளைமீது ஆசை, மற்றதில் வெறுப்பு. இன்று குப்புசாமி என்று பெயரிடத் தயங்குவோருடன் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்தப் பெயருள்ள தாத்தாவைப் பார்த்துப் பேரன் கூச்சப்படும்படி வளர்ப்பதுதான் மனதை அறுக்கிறது.

நம்முடைய சிக்கல் ஒன்றுக்கு வேறு யாரும் பொறுப்பில்லை. சூராட் பெரானாக் என்னும் பிறப்புப் பத்திரத்தில் பெயர் ரோமன் எழுத்தில்தான் ஏறும். வள்ளி என்றால் தினைப்புனம் காத்த குறமகள், பினாங்குத் தண்ணீர்மலை முருகனின் துணைவி. வல்லி என்றால் மரகதவல்லி, அபிராமவல்லி என்று அம்மன் பெயர்களின் ஈற்றில் படரும் கொடி. பத்திரத்தில் இரண்டும் ஒன்றே. கிருத்திகாவில் முருகனை வளர்த்த கார்த்திகைப் பெண்கள் இருக்கிறார்கள், கீர்த்திகாவில் புகழ் இருக்கிறது; அவசரமாக எழுதினால் அவையும் ஒன்றாகிவிடும். மலர்விழியின் 'ழ' அங்கே எப்படி எழுதினாலும் யாரோ ஒருவர் வாயில் தப்பும். தாய்மொழி தெரியாமல் வளரும் பிள்ளைக்குத் தன் பெயரில் வருவது ல-வா, ள-வா, ழ-வா என்றே தெரியாமல் போகிறது.

பிள்ளை பிறந்த முப்பதாம் நாள், முப்பது கும்பிடும்போது தொட்டில் கட்டி, மூன்று முறை காதில் சொல்லும் பெயரை யாரும் எழுதி வைப்பதில்லை. ஒரு தாள் போதும்: தமிழில் பெயர், யார் தேர்ந்தெடுத்தார்கள், யாரை நினைத்து, எந்தக் கோயிலில் அல்லது தர்காவில் அல்லது மாதாவிடம் நேர்ந்துகொண்டு. பிறப்புப் பத்திரத்தைப் போட்டு வைக்கும் அதே பிளாஸ்டிக் உறைக்குள் அதையும் வைக்கலாம்.