ஆடிட்டர் எப்போது தேவை?

சிறு தொழில் செய்பவர்கள் பலரும் ஆடிட்டரைப் பற்றி யோசிப்பது விற்பனையை வைத்துத்தான். “வியாபாரம் கொஞ்சம் ஏறட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்” என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சட்டம் அந்த வரிசையில் பார்ப்பதில்லை. தொழில் யார் பெயரில், எந்த வடிவில் நடக்கிறது என்பதைத்தான் அது முதலில் கேட்கிறது. பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகப் பதிவு செய்துவிட்டால், 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி 30 நாட்களுக்குள் ஓர் ஆடிட்டரை நியமித்தாக வேண்டும். ஒரு ரூபாய்க்குக்கூட விற்பனை நடக்காத ஆண்டிலும் கணக்கைத் தணிக்கை செய்துதான் தாக்கல் செய்ய வேண்டும். தாமதமானால் படிவம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடிக்கொண்டே போகும். அதற்கு உச்சவரம்பு கிடையாது. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் தாக்கல் செய்யாத கம்பெனியின் இயக்குநர்கள் ஐந்தாண்டுகளுக்குத் தகுதி இழப்பார்கள். 2017இல் மத்திய அரசு இந்த விதிகளைக் கண்டிப்புடன் செயல்படுத்தியபோது 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகள் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டன. 3 லட்சத்துக்கும் மேற்பட்ட இயக்குநர்கள் தகுதி இழந்தார்கள். எல்எல்பி எனப்படும் வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மைக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயையோ கூட்டாளிகள் போட்ட முதலீடு 25 லட்சத்தையோ தாண்டினால்தான் தணிக்கை கட்டாயம். சொந்தப் பெயரில் தொழில் செய்யும் தனிநபருக்குத் தொழிலின் வடிவத்தால் வரும் இந்தச் சுமை எதுவுமே இல்லை.

ஆகவே ஆடிட்டரிடம் முதல் தடவை போக வேண்டிய நேரம், தொழிலைப் பதிவு செய்வதற்கு முன்புதான். விசிட்டிங் கார்டில் கம்பெனி என்று இருந்தால் மதிப்பு என்பதற்காகவே பிரைவேட் லிமிடெட் ஆக்கிக்கொள்பவர்கள் நிறைய. 2025-26 நிதியாண்டு முதல், புதிய வரித் திட்டத்தில் தனிநபருக்கு 12 லட்சம் ரூபாய் வரையிலான வழக்கமான வருமானத்துக்கு வரி இல்லை. கம்பெனியோ லாபத்தின் முதல் ரூபாயிலிருந்தே வரி கட்ட வேண்டும். இயக்குநர் சம்பளமாக எடுத்து ஓரளவு சமன் செய்யலாம். ஆனால் அதற்கும் டிடிஎஸ், அதற்கொரு ரிட்டர்ன் என்று வேலை நீளும். வெளியார் முதலீடு வரப்போகிறது, கடன் பொறுப்பு சொந்தச் சொத்தைத் தொடக் கூடாது என்பது போன்ற காரணம் இருந்தால் கம்பெனி சரிதான். காரணமே இல்லாமல் பதிவு செய்துவிட்டு, ஆண்டுதோறும் ஆடிட் கட்டணம் கட்டுவதைப் பார்த்தால் மனம் பொறுக்கவில்லை. அரை மணி நேர ஆலோசனையில் தவிர்த்திருக்கக் கூடிய செலவு அது.

எல்லாருக்கும் ஆடிட்டர் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உள்ளூரிலேயே விற்கும் ஒரு ஸ்டேஷனரி கடையை எடுத்துக்கொள்வோம். 1.5 கோடி வரை விற்பனை உள்ளவர் ஜிஎஸ்டியில் காம்போசிஷன் திட்டத்தில் சேர்ந்து 1 சதவீதம் கட்டலாம். மூன்று மாதத்துக்கு ஒரு படிவம், ஆண்டுக்கு ஒரு ரிட்டர்ன், அவ்வளவுதான். வருமான வரியில் 2 கோடி வரை, ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் இருந்தால் 3 கோடி வரை, உத்தேச லாப முறை உண்டு. ரொக்க விற்பனையில் 8 சதவீதமும் வங்கி வழியாக வந்ததில் 6 சதவீதமும் லாபம் என்று காட்டி, சுகம் என்ற ஐடிஆர்-4 படிவத்தைப் போர்ட்டலில் தானே நிரப்பிவிடலாம். பில்லை ஒழுங்காகக் கோத்து வைத்து, வங்கிக் கணக்கை வீட்டுச் செலவோடு கலக்காமல் வைத்திருப்பவருக்கு இது பெரிய காரியமில்லை. ஒன்றை மட்டும் மனத்தில் வைக்க வேண்டும்: உத்தேச முறையில் சேர்ந்தவர் ஒரு வருடம் லாபத்தைக் குறைத்துக் காட்ட அதிலிருந்து வெளியேறினால், அடுத்த ஐந்தாண்டுகளுக்குத் திரும்பி வர முடியாது. அப்படி வெளியேற நினைக்கும் வருடத்தில் ஆடிட்டரைக் கேட்காமல் இருக்கக் கூடாது.

சிக்கல் நடுவில் இருப்பவர்களுக்குத்தான். கோவை கணபதிப் பக்கம் தனிநபராக லேத் பட்டறை நடத்தும் ஒருவர், பம்பு கம்பெனிகளுக்கு உதிரிப் பாகம் செய்து கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காம்போசிஷனில் சேர்ந்தால் அவரிடம் வாங்கும் கம்பெனிக்கு இன்புட், அதாவது வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளும் சலுகை, கிடைக்காது. ஆர்டர் வேறு பட்டறைக்குப் போய்விடும். கம்பெனி அனுப்பிய இரும்பைக் கடைந்து கொடுத்தால் அது சேவை. தன் இரும்பில் செய்து விற்றால் அது சரக்கு. ஜிஎஸ்டி பதிவுக்கான வரம்பே சேவைக்கு 20 லட்சம், தமிழ்நாட்டில் சரக்கு மட்டும் விற்பவருக்கு 40 லட்சம். இனி அவர் ஒரு லட்சம் ரூபாய்க்கு இரும்பு வாங்கி 18,000 ரூபாய் வரி கொடுக்கிறார். கையில் பில் இருப்பதால் மட்டும் அந்த 18,000 திரும்பக் கிடைக்காது. இரும்புக் கடைக்காரர் தன் விற்பனை ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1இல் அந்தப் பில்லை ஏற்றி, அது பட்டறைக்காரரின் கொள்முதல் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பியில் வந்து நிற்க வேண்டும். கடைக்காரர் ரிட்டர்ன் போடாமல் விட்டாலோ, பட்டறையின் ஜிஎஸ்டி எண்ணைப் போடாமல் சில்லறை விற்பனையாகப் பதிந்துவிட்டாலோ வராது. நிதியாண்டு முடிந்து அடுத்து வரும் நவம்பர் 30க்குள் இதைச் சரிசெய்யாவிட்டால் அந்தப் பணம் போனதுதான். கடைக்காரருக்கு 180 நாட்களுக்குள் பாக்கியைத் தீர்க்காவிட்டால், எடுத்த இன்புட்டையும் வட்டியோடு திருப்ப வேண்டும். ஒவ்வொரு மாதமும் பில் பில்லாக ஒத்துப்பார்ப்பதுதான் இங்கே வேலை. 20ஆம் தேதி போர்ட்டலில் எண்களை ஏற்றுவது பத்து நிமிடக் காரியம்.

இதையெல்லாம் சாஃப்ட்வேரே செய்துவிடுகிறதே, டேலி இருக்கிறது, போர்ட்டலும் தானாகவே நிரப்பித் தருகிறதே என்று கேட்கலாம். கூட்டல் கழித்தலுக்கும், வராத பில்லைக் காட்டுவதற்கும் அது போதும். ஆனால் வராத பில்லுக்காகக் கடைக்காரருக்குப் போன் போடுவது யார்? வாங்கிய வண்டிக்கு இன்புட் எடுக்கலாமா, இந்த வேலை சேவையா சரக்கா என்று தீர்மானிப்பது யார்? நாம் எந்தத் தலைப்பில் பதிகிறோமோ அந்தத் தலைப்பில்தான் சாஃப்ட்வேர் கணக்குப் போடும். தப்பான தலைப்பில் பதிந்ததையும் அது சரியாகவே கூட்டித் தரும். ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாமதமானால் ஒரு நாளைக்கு 50 ரூபாய் போகிறது. அது வலித்தாலும் தொழிலைச் சாய்த்துவிடாது. விட்டுப்போன இன்புட்டும், தவறாகத் தேர்ந்த திட்டமும்தான் சிறு முதலாளியின் கைமுதலைத் தின்கின்றன. ஆடிட்டர் கட்டணத்தை அளக்க வேண்டியது இவற்றோடு வைத்துத்தான்.

இதற்கு நேர் எதிரான வாதமும் உண்டு: எல்லாவற்றையும் ஆடிட்டர் ஆபீசில் கொடுத்துவிட்டால் நமக்கு என்ன கவலை? இதுதான் எனக்கு அதிக அச்சம் தருகிறது. 2024இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஜிஎஸ்டி வழக்குகள் பலவற்றில் வியாபாரிகள் சொன்னது ஒன்றே: நோட்டீஸ் போர்ட்டலில் போடப்பட்டது தெரியாது, கணக்கு பார்த்தவர் சொல்லவில்லை, தங்களைக் கேட்காமலே உத்தரவு வந்துவிட்டது. பல வழக்குகளில் நீதிமன்றம் இரக்கம் காட்டி மறுவிசாரணைக்கு அனுப்பியது. ஆனால் வழக்கிலுள்ள வரியில் 10 சதவீதத்தை முதலில் கட்டு என்ற நிபந்தனையோடு. ரிட்டர்னை யார் போட்டாலும் பொறுப்பு வரி செலுத்துபவருடையது. அப்படியிருக்க, பாஸ்வேர்டும் ஓடிபி வரும் செல்போன் எண்ணும் மின்னஞ்சலும் ஆடிட்டர் ஆபீசுடையதாக இருப்பது எத்தனை பெரிய ஆபத்து! அவற்றைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு வாரம் ஒரு முறை போர்ட்டலைத் திறந்து பார்ப்பது, யாரை வேலைக்கு வைத்தாலும் முதலாளியே செய்ய வேண்டியது.

வேலைக்கு வைப்பதிலும் எல்லாவற்றுக்கும் ஒரே ஆள் தேவையில்லை. தினசரி வவுச்சரைப் பதிய டேலி தெரிந்த கணக்கர் போதும், பகுதி நேரமாகக்கூட. மாத ரிட்டர்னுக்கு ஜிஎஸ்டி சட்டத்தின் கீழ் பதிவு செய்த ஜிஎஸ்டி பிராக்டிஷனர் போதும். தணிக்கையில் கையெழுத்துப் போடத்தான் சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் வேண்டும். அவர் தரும் சான்றிதழில் 18 இலக்க யுடிஐஎன் எண் இருக்கிறதா என்று பார்த்து, அவர்களுடைய இன்ஸ்டிடியூட்டின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம். பலருக்குத் தெரியாத ஒரு விதியும் இருக்கிறது: கம்பெனிக்குத் தணிக்கை செய்யும் ஆடிட்டரே அந்தக் கம்பெனியின் கணக்கை எழுதக் கூடாது என்று கம்பெனிகள் சட்டத்தின் 144ஆவது பிரிவு தடுக்கிறது. கணக்கும் ஆடிட்டும் சேர்த்து ஒரே தொகை என்று யாராவது சொன்னால் அங்கேயே யோசிக்க வேண்டும்.

எப்போது போகிறோம் என்பதிலும் பணம் இருக்கிறது. கணக்கு எழுதி லாபம் காட்டும் நம் பட்டறைக்காரர், உத்யம் பதிவுள்ள குறு, சிறு உற்பத்தியாளரிடம் வாங்கிய சரக்குக்கு ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாட்களுக்குள்ளும், இல்லாவிட்டால் 15 நாட்களுக்குள்ளும் பணம் கொடுக்க வேண்டும். கெடு தாண்டிய பாக்கி மார்ச் 31க்குள்ளும் தீராவிட்டால், அந்தச் செலவை அந்த வருடக் கணக்கில் கழிக்க முடியாது. ஜனவரியில் பாக்கிப் பட்டியலோடு போனால், எதையெதை மார்ச்சுக்குள் தீர்க்க வேண்டும் என்று ஆடிட்டர் குறித்துக் கொடுப்பார். ஜூலையில் போனால் அதே பட்டியலை லாபத்தோடு கூட்டி வரி போட மட்டும்தான் அவரால் முடியும்.