முட்டுச்சந்தில் நிற்கும் ஊர்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை வேனில் ஏற்றிக்கொண்டு போவார்கள். புஞ்சைக் காட்டின் நடுவே ஷாமியானா, காற்றில் படபடக்கும் கலர் கொடிகள், வெள்ளையடித்த மனைக்கற்கள். உட்கார்ந்ததும் கையில் ஒரு கூல்டிரிங்க்ஸ், கூடவே வழவழப்பான லேஅவுட் தாள். "பஸ் ஸ்டாண்டுல இருந்து பத்தே நிமிஷம் சார். தண்ணி இளநி மாதிரி இருக்கும்" என்பார் புரோக்கர். தாளில் 30 அடி ரோடு ஒன்று நேராக ஓடும். அது எங்கே போய்ச் சேருகிறது என்று விரலை வைத்துக்கொண்டே போனால், ரோடு முடியாது, தாள் முடிந்துவிடும்.

தாளுக்கு வெளியே இருப்பது அடுத்தவர் காடு. நாலைந்து வருடம் கழித்து அவரும் மனை போடுவார். அவருடைய ரோடு 23 அடி. அதுவும் பத்தடி தள்ளி வரும். வரப்பு இருந்த இடத்தில் காம்பவுண்டு சுவர் எழும். சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு முட்டுச்சந்து, அந்தப் பக்கம் இன்னொன்று. பக்கத்துத் தெருவுக்குப் போக வேண்டிய ஸ்கூல் வேன் மெயின் ரோடு வரை வந்து சுற்றிக்கொண்டு போகும். வண்டி சுற்றிப் போகலாம், மழைத் தண்ணீர் போகுமா? சர்வே வரைபடத்தில் இரண்டு கோடாக இருக்கும் வரத்துக்கால், தரையில் யாரோ ஒருவரின் கார் ஷெட்டுக்கு அடியில் இருக்கும். ஐப்பசியில் தண்ணீர் தன் பழைய வழியைத் தேடி வரும்போதுதான், அங்கே ஒரு வாய்க்கால் இருந்தது எல்லோருக்கும் ஞாபகம் வரும்.

நம் சிற்றூர்கள் இப்படித்தான் நகரங்களாகின்றன, ஒவ்வொரு பட்டாவாக. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் 48.4 சதவீதம் பேர் நகரவாசிகள். அதே கணக்கில் இன்னொரு எண் உண்டு. நிர்வாகத்தில் கிராம ஊராட்சியாகவே இருந்துகொண்டு, மக்கள்தொகை, நெருக்கம், செய்யும் தொழில் ஆகியவற்றால் நகரமாகிவிட்ட ஊர்களைக் 'கணக்கெடுப்பு நகரம்' என்பார்கள். 2001இல் இங்கே 111 ஆக இருந்த அவை, பத்தே ஆண்டில் 376 ஆயின. பெயருக்குக் கிராமம், பிழைப்புக்கு நகரம். அப்படிப்பட்ட ஊரில் அடுத்த 20 வருடத்துக்கு ரோடு எங்கே, பள்ளி எங்கே, குப்பைக் கிடங்கு எங்கே என்று யோசிக்க யாருக்கும் நேரமில்லை.

இத்தனைக்கும் இந்த யோசனை நமக்குப் புதிதல்ல. 1914இல் சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லண்ட் பிரபு அழைத்ததன் பேரில், ஸ்காட்லாந்துக்காரரான பேட்ரிக் கெட்டிஸ் இங்கே வந்தார். அவருடைய நகரமைப்புக் கண்காட்சிப் பொருள்கள் வேறொரு கப்பலில் வந்துகொண்டிருந்தன. அந்தக் கப்பலை மூழ்கடித்தது, சென்னையில் குண்டு போட்டுவிட்டுப் போன அதே ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன்! மனிதர் அசரவில்லை. புதிதாகப் பொருள் சேர்த்து 1915இல் சென்னையில் கண்காட்சியை நடத்தினார். மாகாணத்தின் ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். முதலில் ஊரை நடந்து பார், பிறகு பேனாவை எடு என்பது அவர் கட்சி. தெருக்களை மொத்தமாக இடித்துத் தள்ளாமல், தேவையான இடத்தில் மட்டும் கத்தி வைத்தால் போதும் என்றார். 1920இல் சென்னை நகரமைப்புச் சட்டமே வந்துவிட்டது.

இப்போது நடப்பில் இருப்பது 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம். ஊருக்கு ஒரு முழுமைத் திட்டம், அதாவது மாஸ்டர் பிளான் போடச் சொல்கிறது அது. குடியிருப்பு, வணிகம், தொழில், விவசாயம் என்று நிலத்துக்கு நிறம் பூசும் வேலை. பெரிய ஊர்களிலேயே இது ஆமை வேகம்தான்: கோவையின் முழுமைத் திட்டம் ஒப்புதல் பெற்றது 1994இல், அடுத்த திட்டத்தின் வரைவு வெளியானது 2024இல். கோவைக்கே இந்தக் கதி என்றால் ஒரு பேரூராட்சியின் நிலைமையைச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, திட்டம் வந்தாலாவது தீருமா? இங்கேதான் சட்டத்தின் 38ஆவது பிரிவு குறுக்கே நிற்கிறது. வரைபடத்தில் ரோட்டுக்கோ பூங்காவுக்கோ ஒதுக்கிய தனியார் நிலத்தை மூன்று ஆண்டுகளுக்குள் கையகப்படுத்தும் அறிவிப்பை வெளியிடவோ, பேசி வாங்கவோ வேண்டும். இல்லாவிட்டால் ஒதுக்கீடு தானாகவே விலகிவிடும். நில உரிமையாளர் பக்கம் இது நியாயமே. விற்கவும் முடியாமல் கட்டவும் முடியாமல் எத்தனை காலம்தான் காத்திருப்பார்? ஆனால் தெருவிளக்கு பில்லுக்கே திண்டாடும் பேரூராட்சி, மூன்று வருடத்தில் நிலம் வாங்கக் காசுக்கு எங்கே போகும்? 20 வருடத் திட்டத்தின் ஆயுள் அந்த மூன்று வருடத்தில் முடிந்துவிடுகிறது.

2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரம் பதியத் தடை போட்டது. 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்ற சொல்லை நம்பி வாங்கியவர்கள் வயிற்றில் புளியைக் கரைத்தது. அடுத்த ஆண்டு வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20க்கு முந்தைய மனைப்பிரிவுகளுக்குக் கட்டணம் கட்டி வரன்முறை செய்ய வழி பிறந்தது. மனைக்கு நம்பர் கிடைத்தது, வங்கிக் கடன் கிடைத்தது. ஆனால் கட்டணம் கட்டியதற்காக எந்தத் தெருவும் அகலமாகிவிடவில்லை.

அப்ரூவ்டு லேஅவுட்டிலும் கண் வைத்திருக்க வேண்டும். ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், ரோடு போக மீதியில் 10 சதவீதம் திறந்தவெளியாக விட்டு, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். பத்திரம் எழுதாமல் விட்டுப்போன இடங்களில், தாளில் பச்சையாகச் சிரிக்கும் பூங்கா பிறகு இரண்டு மனைகளாக விலைபோவதும் உண்டு. ஏழைகளுக்கென்று 10 சதவீதம் சிறு மனைகளாகப் பிரிக்கவும் விதி இருக்கிறது. ஆனால் மனையே வாங்க முடியாமல் வாடகைக்கு இருப்பவர்களை எந்த லேஅவுட் தாளும் நினைப்பதில்லை. முதலீட்டுக்கு வாங்கிப் போட்ட மனைகளில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்க, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒற்றை அறையில் ஐந்து பேர் படுத்திருக்கிறார்கள்.

காசில்லாத ஊருக்கு வழியே இல்லையா? குஜராத் ஒன்றைச் செய்து காட்டியிருக்கிறது. இந்த முறையில் நிலத்தை அரசு விலைக்கு வாங்குவதில்லை. ஒரு வட்டாரத்துக் காடுகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து, வரப்புகளை மறந்துவிட்டு ரோடும் பூங்காவும் பள்ளிக்கூட இடமும் வரைகிறார்கள். அதன்பின் அவரவருக்கு நிலம் திரும்பி வருகிறது. உதாரணத்துக்கு, 100 சென்ட் கொடுத்தவருக்கு 60 சென்ட். 40 போயிற்றே என்று தோன்றும். ஆனால் ரோட்டு முகப்போடு கோணல் இல்லாமல் வரும் 60 சென்ட், வழியில்லாத பழைய 100ஐவிட அதிகம் விலை போகும். நிலச் சேர்ப்பு எனப்படும் இதற்குத் தமிழ்நாட்டிலும் சட்டத்தைத் திருத்தி இடம் கொடுத்திருக்கிறார்கள். சிக்கல் நம்பிக்கையில்தான். வரப்பை ஒரு சாண் தள்ளியதற்காகத் தலைமுறை தலைமுறையாகக் கோர்ட்டுக்கு நடந்த ஊரில், மொத்த வரப்பையும் அழிக்கச் சொன்னால் யார் சட்டென்று கையெழுத்துப் போடுவார்கள்? அதிகாரிகள் முதலில் ஒரு சின்ன வட்டாரத்தில் செய்து காட்ட வேண்டும். 60 சென்டைச் சொன்ன தேதியில் கையில் கொடுக்க வேண்டும்.

முழுமைத் திட்டத்தின் வரைவு வெளியானதும், ஆட்சேபணை சொல்லக் குறைந்தது இரண்டு மாதம் அவகாசம் உண்டு. அந்த இரண்டு மாதத்தில் தன் சர்வே நம்பரைத் தேடி முதலில் வந்து நிற்பவர், விவசாய நிறத்தைக் குடியிருப்பு நிறமாக்க நினைப்பவர்தான். காம்பவுண்டு சுவருக்கு இந்தப் பக்கம் முட்டுச்சந்தில் குடியிருப்பவர்கள் பெரும்பாலும் வருவதில்லை. அவர்கள் நாலு பேர் சேர்ந்து போய், "எங்க தெருவை அந்தப் பக்கத்துத் தெருவோட சேர்த்துக் கோடு போடுங்க" என்று ஒரே ஒரு வரி எழுதிக் கொடுக்கலாம். அந்தப் பக்கம் வீடு கட்டுவதற்கு முன்பே அந்தக் கோடு விழுந்துவிட்டால், பிறகு யாருடைய வீட்டையும் இடிக்க வேண்டியிருக்காது.