தூங்காத கணினி: பிழை யாருடையது?

சுபஹுக்குப் பின் ஒப்படையை எழுதி முடித்து, சேமிக்காமலே மடிக்கணினியை மூடிப் பைக்குள் வைத்தேன். மூடினால் அது தூங்கும். திறந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்ற நம்பிக்கை. பஸ் மொனராகலையை அடையுமுன்பே மடியிலிருந்த பை சுட்டது. கல்லூரியில் திறந்தபோது பற்றரி தீர்ந்திருந்தது. ஒப்படையும் போயிற்று.

"வின்டோஸ் இருந்தபோது இப்படி நடக்கவில்லையே, நானா?" என்று கேட்டேன். பழைய கணினி சற்று வேகமாக இயங்கட்டும் என்று லினக்ஸை நிறுவித் தந்தவர் அவர்தான். "லினக்ஸில் பிழையில்லை. கணினியைச் செய்தவர்கள் விட்ட பிழை" என்றார். அப்படியானால் அதை லினக்ஸ் ஏன் சமாளிக்க வேண்டும்?

கணினிக்குக் கணினி பாகங்கள் வேறுபடும். எந்தப் பாகத்தின் மின்சாரத்தை எப்படிக் குறைப்பது, எப்படி மீண்டும் எழுப்புவது என்ற விபரங்களைத் தயாரிப்பாளரே தாய்ப்பலகையிலுள்ள நிலைப்பொருளில் அட்டவணைகளாக எழுதி வைக்கிறார். பணிசெயல் முறைமை அவற்றை வாசித்தே நடக்கிறது. இதற்கான பொது விதிகளே 'ஏசிபிஐ'. இன்டெல், மைக்ரோசொப்ட், தொஷிபா ஆகியவை 1996 டிசம்பரில் இவற்றை வெளியிட்டன.

விதி பொதுவானது, பரீட்சித்துப் பார்ப்பதோ பெரும்பாலும் வின்டோஸில் மட்டுமே. அதில் வேலை செய்தால் கணினி கடைக்கு வந்துவிடும். அட்டவணையில் எஞ்சிய பிழை மற்ற முறைமைகளில்தான் வெளிப்படும்.

இந்த அட்டவணைகள், "நீ எந்த முறைமை?" என்று கேட்கவும் கூடும். "லினக்ஸ்" என்ற பதிலுக்குச் சில தயாரிப்பாளர்கள் எழுதியிருந்த பகுதிகள் சரியாகப் பரீட்சிக்கப்படாதவை. ஆகவே 2007இல் வெளியான 2.6.23 பதிப்பிலிருந்து, "லினக்ஸா?" என்று கேட்டால் "இல்லை" என்பதே அதன் வழமையான பதில். "வின்டோஸா?" என்றால் "ஆம்" என்கிறது! பரீட்சிக்கப்பட்ட பாதை அதுதானே.

இதை எதிர்ப்போரின் வாதம் எளிதில் தள்ளக்கூடியதல்ல. பிழையை மறைத்தால் தயாரிப்பாளர் ஒருநாளும் திருத்தமாட்டார். ஒரு கணினிக்காகச் செய்த மாற்றம் இன்னொன்றைக் கெடுக்கலாம். விதிவிலக்குகளின் பட்டியலும் நீண்டுகொண்டே போகும்.

ஆனால் பழைய மாதிரிகளுக்குத் தயாரிப்பாளர் திருத்தம் வெளியிடுவது அரிது. 2022இல் மின்வெட்டு பதின்மூன்று மணித்தியாலம் வரை நீண்டதை நாம் மறக்கவில்லை. அந்நாட்களில் பற்றரியில் மிஞ்சிய ஒவ்வொரு நிமிடமும் படிப்புக்கான நிமிடம். பிழை செய்தவர் திருந்தும்வரை, பிழை செய்யாத மாணவி காத்திருக்க வேண்டுமா?

சமாளிக்கத்தான் வேண்டும் என்பதே என் முடிவு. ஆனால் ஒளித்துச் செய்யக்கூடாது. லினக்ஸில் பல திருத்தங்கள், கணினியின் தயாரிப்பாளர் பெயரையும் மாதிரியையும் பார்த்து அந்தக் கணினிக்கு மட்டுமே இயங்குகின்றன. யாருடைய பிழைக்காக எழுதப்பட்டது என்பது மூலநிரலில் எவரும் வாசிக்கத் திறந்தே இருக்கிறது. பயனாளர் பிழைத்துக்கொள்கிறார், பிழையும் பதிவாகிறது.

என் கணினிக்கும், அது தொடங்கும்போது தூக்கத்தின் வகையை மாற்றும் ஒரு கட்டளையை நானா சேர்த்தார். இப்போது பை சுடுவதில்லை. ஆனாலும் மூடுமுன் சேமிக்க நான் மறப்பதில்லை.