இல்லத்து மெயில் சர்வரும் நேம் சர்வர் மாற்றமும்

ஓரூரிற் கணக்கர் மாறினார் என்று வைத்துக்கொள்வோம். அயலூரிலிருந்து கடிதங் கொணர்ந்தான் ஒருவன் சாவடிக்கு வந்து, 'இன்னார் வீடு எங்குளது?' என்று வினவுகின்றான். சாவடி பூட்டியிருப்பின் அவன் மறுநாளும் வருவான். புதிய கணக்கர் தம் ஏட்டைப் புரட்டி, 'அப்பெயருடையார் இவ்வூரில் இலர்' என்று கூறிவிட்டாலோ, கடிதத்தை எடுத்துக்கொண்டு திரும்பியே போவான். வீடு இருந்த இடத்திலேயே இருக்கின்றது. வீட்டாரும் வாயிலில் அமர்ந்திருக்கின்றனர். ஆயினும் கடிதம் சேர்ந்திலது. இல்லத்தில் மெயில் சர்வர் வைத்திருப்போர் தம் நேம் சர்வரை மாற்றுங்கால் நேரும் இடரும் இத்தகையதே. தமிழ் ஆனர்ஸ் பயிலும் யான் இதனைக் கற்றது எம் குடும்பத்தில் நேர்ந்ததோர் இழப்பினால்.

இணையத்தில் ஒவ்வோர் இயந்திரத்திற்கும் எண்ணாலாகிய முகவரி உண்டு. மக்கட்கு எண்ணினும் பெயரே எளிதாகலின், பெயரைக் கூறின் எண்ணைத் தரும் ஏடொன்று வேண்டப்பட்டது. தொடக்கத்தில் அவ்வேடு அமெரிக்காவிலுள்ள ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தாரால் ஒரே கோப்பாகப் பேணப்பட்டது. இயந்திரங்கள் பெருகவே, 1983-ஆம் ஆண்டில் பால் மோக்கபெட்ரிஸ் என்பார், ஏட்டைப் பலர்க்கும் பகிர்ந்தளிக்கும் டி.என்.எஸ். முறையை வகுத்தார். அம்முறைப்படி ஒரு பெயரின் ஏட்டைக் காக்கும் இயந்திரமே நேம் சர்வர் எனப்படும். இன்ன பெயர்க்கு இன்ன நேம் சர்வரே பொறுப்பு என்பதை மேலிடம் குறித்து வைத்திருக்கும், '.காம்' என முடியும் பெயர்க்கெல்லாம் '.காம்' பதிவகமே மேலிடம்.

ஏட்டிலுள்ள 'எம்.எக்ஸ்.' என்னும் குறிப்பு, அஞ்சலை ஏற்கும் இயந்திரத்தின் பெயரைக் கூறும். 'ஏ' என்னும் குறிப்பு அவ்வியந்திரத்தின் எண்ணைக் கூறும். வினவினோர் தாம் பெற்ற விடையைச் சிறிது காலம் நினைவில் வைப்பர். அக்கால அளவு 'டி.டி.எல்.' எனப்பட்டு நொடிக்கணக்கில் எழுதப்படும். 86400 எனின் ஒரு நாள்; 300 எனின் ஐந்து நிமிடம்.

இனி, நேர்ந்ததைக் கூறுவேன். என் அம்மான் தம் வீட்டு மாடியறையில் சிறு கணினியொன்றில் மெயில் சர்வர் நடத்துகின்றார்; எம் குடும்பத்தார் அனைவர்க்கும் அதிலேயே முகவரி. ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவர் நேம் சர்வரைப் பழைய நிறுவனத்திலிருந்து புதியதொன்றிற்கு மாற்றினார். புதிய நிறுவனத்தின் பக்கத்தில் பழைய ஏட்டின் படி தானே வந்து நின்றது. உண்மையில் அது முழுப்படி அன்று. வழக்கமான பெயர்களை ஒவ்வொன்றாக வினவிக் கிடைத்தவை மட்டுமே அதில் எழுதப்பட்டிருந்தன. அம்மான் தம் அஞ்சல் இயந்திரத்திற்கு இட்டிருந்ததோ வழக்கில் இல்லாத பெயர். ஆகவே எம்.எக்ஸ். குறிப்பு வந்தது, அது சுட்டிய இயந்திரத்திற்குரிய 'ஏ' குறிப்பு வந்திலது. வீட்டினுள் சோதித்தபோது பழுது தோன்றவில்லை. வீட்டுக் கணினிகள் பழைய விடையையே நினைவில் வைத்திருந்தன. சனி, ஞாயிறு நாட்களில் அஞ்சல் குறைந்ததை எவரும் பொருட்படுத்திலர். அஞ்சல் வாராமை ஓய்வாகத் தோன்றுமேயன்றிப் பழுதாகத் தோன்றாது.

திங்கள் மாலை அம்மான் பழுதைக் கண்டு திருத்தினார். தேங்கிய அஞ்சலெல்லாம் இனி வந்துசேரும் என்று நம்பினோம். ஒன்றும் வந்திலது. அடுத்த வாரத்தில் என் தமக்கைக்குத் தொலைபேசி வந்தபோதே உண்மை விளங்கிற்று. அவள் விண்ணப்பித்த வேலைக்குரிய நேர்முகத் தேர்வின் அழைப்பு, திங்கள் காலையிலேயே 'அத்தகைய இயந்திரம் இல்லை' என்னும் குறிப்புடன் அனுப்பினார்க்குத் திரும்பிவிட்டதாம், தேர்வும் முடிந்துவிட்டதாம்.

அம்மான் ஏமாந்தது எதனால்? நேம் சர்வர் விடையளியாது வாளா இருப்பின், அனுப்பும் சர்வர் அஞ்சலை வரிசையில் வைத்து மீண்டும் மீண்டும் முயலும். கைவிடுமுன் நாலைந்து நாளேனும் முயலுதல் வேண்டும் என்று 2008-ஆம் ஆண்டின் எஸ்.எம்.டி.பி. விதி கூறுகின்றது. அம்மான் நம்பியது இதனையே. ஆயின் இவ்விதி மௌனத்திற்கு உரியது, மறுப்பிற்கு உரியதன்று. 'இல்லை' என்பது அறுதியான விடையாகலின், அதனைக் கேட்ட சர்வர் அப்பொழுதே அஞ்சலைத் திருப்பிவிடும். அன்றியும், 'இல்லை' என்னும் விடையும் நினைவில் வைக்கப்படும். அதன் கால அளவு ஏட்டின் தலைப்பிலுள்ள எஸ்.ஓ.ஏ. குறிப்பினால் அமையும். ஆதலின் பிழையைத் திருத்திய பின்னரும் சிறிது நேரம் மறுப்பே நிலவும்.

இவ்விடர் நேராவண்ணம் செய்யத்தக்கவை ஐந்து.

முதலாவது, பழைய நிறுவனத்திலிருந்து ஏடு முழுவதையும் கோப்பாகப் பெறுதல். எஸ்.பி.எப்., டி.கிம், டி.மார்க் ஆகிய குறிப்புகளும் அதில் இருத்தல் வேண்டும். டி.கிம் குறிப்பின் பெயரை ஊகித்தறிதல் அரிது. அது விடுபடின் நாம் அனுப்பும் அஞ்சலின் கையொப்பம் செல்லாததாகும். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில், தனக்கு அஞ்சல் அனுப்புவோர் யாவரும் எஸ்.பி.எப். அல்லது டி.கிம் உடையராதல் வேண்டும் என்று விதித்துள்ளது.

இரண்டாவது, மேலிடத்திற்கு அறிவிக்குமுன் 'டிக்' என்னும் கருவியால் புதிய நேம் சர்வரையே நேரில் வினவி, ஒவ்வொரு விடையையும் பழையதனோடு ஒப்பிடுதல். எம் இல்லத்தில் இவ்வொன்றைச் செய்திருப்பின் அழைப்பு திரும்பியிராது.

மூன்றாவது, பெயர்க்கு டி.என்.எஸ்.செக் பூட்டு இருக்குமாயின், மேலிடத்திலுள்ள டி.எஸ். குறிப்பை முன்னரே நீக்கி, அதன் நினைவு மறையும்வரை பொறுத்தல். '.காம்' பெயர்க்கு அது ஒரு நாள்.

நான்காவது, பதிவாளர் வழியாக மேலிடத்தில் நேம் சர்வர் பெயரை மாற்றுதல்.

ஐந்தாவது, பழைய நேம் சர்வரை உடனே மூடாது வைத்தல். நம் ஏட்டில் டி.டி.எல். அளவை 300 எனக் குறைத்துவிட்டால் எல்லாம் ஐந்து நிமிடத்தில் மாறிவிடும் என்று பலர் கருதுவர். நம் ஏட்டின் அளவு நம் குறிப்புகளையே கட்டுப்படுத்தும். மேலிடம் தரும் நேம் சர்வர் குறிப்பின் அளவு அதன் கையிலே உளது, '.காம்' பதிவகத்தில் அது 172800 நொடி, அஃதாவது இரண்டு நாள். அக்காலம் முழுவதும் சிலர் பழையதனிடமும் சிலர் புதியதனிடமும் வினவுவர். இருவரும் ஒரே விடை பெறுதல் வேண்டும். இடையில் ஏதேனும் திருத்தின் இரண்டு ஏட்டிலும் திருத்துதல் வேண்டும்.

எண்ணைக் கூறின் பெயரைத் தரும் பி.டி.ஆர். குறிப்போ பெரும்பாலும் இணைய இணைப்புத் தருவோர் வசமுள்ளது. இம்மாற்றம் அதனைத் தீண்டாது. யாவும் முடிந்தபின், வீட்டிற்கு வெளியேயுள்ள வேறொரு முகவரியிலிருந்து கடிதம் அனுப்பிப் பார்ப்பதே மெய்ச்சோதனை.

இப்பொழுது அம்மான் எதனை மாற்றினும் பழைய நிறுவனத்திற்கு மேலுமொரு மாதக் கட்டணம் செலுத்திவிட்டே தொடங்குகின்றார். அறியாதவிடத்து வாய்வாளாதிருப்பவரால் நேர்வது தாமதம். அறியாது 'இல்லை' என்பவரால் நேர்வது இழப்பு. நேம் சர்வர்க்கு மட்டுமன்றி, ஏடு காக்கும் எவர்க்கும் இது பொருந்துமென்க.